பிளைத்பரோவின் மரத்தேவதூதர்களைச் சுட்டது யார்?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரத்தில், சஃபோக் மாவட்டத்துப் பிளைத்பரோ என்னும் சிற்றூரில் உள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊருக்கு ஒரு பேராலயத்துக்கு இணையான கோயில் எப்படி வந்தது என்பது முதல் கேள்வி. அதன் கூரையில் சிறகு விரித்து நிற்கும் மரத்தேவதூதர்களின் உடம்பில் காணப்படும் ஓட்டைகள், 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல்லின் சிப்பாய்கள் சுட்ட குண்டுகளால் ஏற்பட்டவை என்று சொல்லப்படுவது உண்மைதானா என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த 'இல்லை'யை நம்புவதற்கு, இந்தக் கோயிலை யார் கட்டினார்கள், யார் உடைத்தார்கள், யாரிடம் பணம் தீர்ந்துபோனது என்ற கதை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலேயர் 'பாரிஷ்' என்று சொல்வதைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'பங்கு' என்றும், திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்தச் சபையார் 'சேகரம்' என்றும் வழங்குகிறார்கள். இடைக்கால இங்கிலாந்தில் இந்தப் பங்கு என்பது வழிபாட்டு எல்லை மட்டுமாக இருக்கவில்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பாகத்தைக் கோயிலுக்குச் செலுத்தக் கடமைப்பட்ட நிலப்பரப்பின் எல்லையும் அதுவே. அந்தப் பத்தில் ஒரு பாகத்தைப் பெறும் உரிமை உடையவர், அது குருவாக இருந்தாலும் மடமாக இருந்தாலும், கோயிலின் கிழக்குப் பாதியான பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்க வேண்டும். மேற்குப் பாதியான மக்கள் கூடத்தையும் கோபுரத்தையும் ஊரார்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கூரையின்கீழ் இரண்டு கணக்குப் புத்தகங்கள் என்ற இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பழைய ஆங்கிலக் கோயில்களில் ஒரு பாதி செழிப்பாகவும் மறு பாதி எளிமையாகவும் இருப்பதன் காரணம் பல இடங்களில் விளங்கிவிடும்.

பிளைத்பரோவில் அந்த உரிமை, 12ஆம் நூற்றாண்டில் அங்கே நிறுவப்பட்ட அகுஸ்தீன் சபைத் துறவியரின் சிறு மடத்திடம் இருந்தது. ஆனால் ஊரின் தொன்மை அதற்கும் முந்தியது. 654ஆம் ஆண்டில் மெர்சிய அரசன் பெண்டாவோடு பொருது இறந்த கிழக்கு ஆங்கிலிய அரசன் அன்னாவை இங்கே அடக்கம் செய்தார்கள் என்பது இடைக்கால மரபு. (அன்னா என்பது இங்கே ஆணின் பெயர்.) எலும்பால் செய்யப்பட்ட எழுதுபலகை ஒன்று இவ்வூரில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; மெழுகைப் பூசி அதன்மேல் கீறி எழுதும் வகையைச் சேர்ந்தது அது. ஆங்கிலோ-சாக்சன் காலத்திலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குடியிருந்த ஊர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஊரின் செல்வத்துக்குக் காரணம் பிளைத் ஆறு. கடல் அலைகள் ஏறி இறங்கும் கழிமுகத்தின் உள்முனையில் அமைந்திருந்ததால், கப்பல்கள் உள்ளே வந்து துறையில் நிற்க முடிந்தது. மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீன்தான் இந்தக் கரையின் தங்கம் என்று சொல்லலாம். கூலியைக்கூட அதில் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான வால்பர்ஸ்விக்கின் கோபுரத்துக்காக 1426இல் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. டன்விச் ஊர்க்காரர் ஒருவரும் பிளைத்பரோக்காரர் ஒருவருமாக இரண்டு கொத்தனார்கள் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கோபுரம் ஒரு கெஜம் உயரும்போதெல்லாம் 40 ஷில்லிங், அதற்குமேல் ஆண்டுக்கு ஒரு பீப்பாய் ஹெர்ரிங், ஆளுக்கு ஓர் அங்கி என்று கூலி பேசப்பட்டிருக்கிறது. வேலை நடக்கும் காலம் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. ஈரச் சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குள் உறைபனி பிடித்தால் சுவர் உதிர்ந்துபோகும் என்பதால், குளிர்காலம் முழுவதும் வேலையை நிறுத்திவைப்பார்கள். ஒரு கோபுரம் எழுவதற்குப் பல ஆண்டுகள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளைத்பரோக் கோயிலின் கோபுரம் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. ஏனைய பகுதிகளைவிட மூத்தது, பார்க்கவும் சற்று முரட்டுத்தனமானது. அதை மட்டும் விட்டுவிட்டு, 15ஆம் நூற்றாண்டில் ஏனைய கட்டடம் முழுவதையும் புதிதாக எழுப்பினார்கள். அந்த நூற்றாண்டில் ஏன் கிழக்கு இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இப்படி இடித்துக் கட்டினார்கள் என்று கேட்டால், கம்பளித் துணி வாணிகத்தின் செழிப்பு என்று எல்லா நூல்களும் சொல்லும். அது சரிதான், ஆனால் பணம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கோயிலில் போடவேண்டும் என்ற உந்துதலும் இருக்க வேண்டும். கத்தோலிக்க மரபில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று சொல்லப்படும் இடைநிலையில் ஆன்மா படும் வேதனையை, உயிரோடிருப்பவர்களின் மன்றாட்டு குறைக்கும் என்று அன்றைய மக்கள் உறுதியாக நம்பினார்கள். ஆகவே இறப்பதற்குமுன் எழுதும் உயிலில் ஒருவர் சன்னலுக்கும், மற்றொருவர் கூரைக்கும், இன்னொருவர் ஒரு மெழுகுவர்த்திக்கும் பணம் விட்டுச் சென்றார்கள். தம் பெயரைக் கல்லில் பொறித்துவைத்தால், பார்ப்பவர்கள் எல்லாரும் தமக்காக ஒரு செபம் சொல்வார்கள் என்பது கணக்கு. ஊரின் நிலக்கிழார் ஜான் ஹாப்டன் தம் குடும்பத்துக்கென்றே வடகிழக்கு மூலையில் ஒரு சிற்றாலயத்தை வைத்துக்கொண்டார். 1478இல் இறந்த அவருடைய கல்லறை இன்னும் இருக்கிறது. அதன்மேல் பதித்திருந்த பித்தளை உருவங்கள்தாம் போய்விட்டன.

கட்டடத்தை வெளியிலிருந்து பார்ப்போம். சஃபோக்கில் கட்டுவதற்குரிய நல்ல கல் கிடையாது. வயலில் ஏர் ஓட்டினால் மேலே வருவது சக்கிமுக்கிக்கல் மட்டுமே. அது உருண்டையானது, கண்ணாடிபோல் உடைவது, சதுரமாகச் செதுக்க வராதது. அந்தக் குறையையே கலையாக மாற்றியதுதான் இப்பகுதிக் கொத்தனார்களின் சாமர்த்தியம். சக்கிமுக்கியை இரண்டாக உடைத்தால் உள்ளே கருநீல நிறத்தில் பளபளப்பான முகம் தெரியும். தொலைவிலிருந்து நீர்வழியாகக் கொண்டுவந்த வெளிர் சுண்ணாம்புக்கல்லை மெல்லிய சட்டங்களாக அறுத்து, அவற்றின் இடைவெளிகளில் இந்தக் கரிய முகங்களை ஒரே மட்டமாகப் பதித்தார்கள். விலையுயர்ந்த கல் கோடு வரைவதற்கு, விலையில்லாத கல் நிரப்புவதற்கு. கிழக்குச் சுவரில், பெரிய சன்னலுக்குக் கீழே, இந்த முறையில் பன்னிரண்டு எழுத்துகள் முடி சூடிய வடிவில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏதோ ஒரு லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் அவை என்றும், திரித்துவத்தையும் புனிதர்கள் சிலரையும் போற்றிப் புதுக்கிக் கட்டியதைச் சொல்கின்றன என்றும் பொருள்கொள்கிறார்கள். எனக்கு அந்த விரித்துரைப்பில் முழு நம்பிக்கை இல்லை. பன்னிரண்டு எழுத்துக்கு ஏற்ற வாக்கியத்தைப் பின்னால் வந்த யாரும் இட்டுக்கட்டிவிடலாம்.

உள்ளே நுழைந்ததும் எவரும் முதலில் உணர்வது வெளிச்சத்தைத்தான். 'செங்குத்துப் பாணி' என்று பெயர்பெற்ற, இங்கிலாந்துக்கே உரிய பிற்காலக் கோதிக் பாணி இது. சுவர்களை முடிந்தமட்டும் மெலித்து, தூண்களை ஒடுக்கி, மிச்சமிருந்த இடத்தையெல்லாம் சன்னலாக்கினார்கள். நடுக்கூடத்தின் இரு பக்கமும் வளைவுகளுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, பக்கத்துக்குப் பதினெட்டாகச் சன்னல்கள் வரிசையாக ஓடுகின்றன. கீழேயுள்ள வளைவுகளின் எண்ணிக்கையோடு அவற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே கண் ஓரிடத்திலும் நிற்காமல் மேற்கிலிருந்து கிழக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான கோயில்களில் மக்கள் கூடத்தையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வளைவு ஒன்று நடுவில் இருக்கும். இங்கே அது இல்லை. நான் மேலே சொன்ன இரண்டு கணக்குப் புத்தகங்களும் இந்த ஒரே நெடுங்கூரையின்கீழ் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. அன்று இடையில் மரத்தடுப்பும் அதன்மேல் சிலுவைப்பாட்டுக் காட்சியும் இருந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. இப்போது நாம் வியக்கும் அந்தத் தடையற்ற பார்வை, கட்டியவர்கள் காண விரும்பியது அன்று.

இனி கூரை. தேவதூதர்களைத் தாங்கும் கூரைகள் இங்கிலாந்தில், அதிலும் இந்தக் கிழக்குப் பகுதியில், நூற்றுக்கும் மேல் எஞ்சியிருக்கின்றன. 1390களில் இரண்டாம் ரிச்சர்ட் அரசனுக்காக ஹியூ ஹெர்லாண்ட் என்ற தச்சர் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குச் செய்த கூரைதான் இந்த மரபின் தலைமை எடுத்துக்காட்டு. அங்கே உத்தரங்கள் அந்தரத்தில் நீண்டு நிற்பது தச்சு வேலையின் அற்புதம். பிளைத்பரோவின் கூரை அப்படிப்பட்ட வித்தை எதையும் காட்டுவதில்லை. சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் ஓக் மர உத்தரங்கள், நடுவில் சற்றே மேல்நோக்கி வளைந்தவை. அவற்றின்மேல் நீளவாட்டில் விட்டம், அதிலிருந்து இருபுறமும் சரியும் கைமரங்கள், அவ்வளவுதான். சரிவு மிகக் குறைவு. மேலே வேய்ந்தது ஓடோ வைக்கோலோ இல்லை, ஈயத்தகடு. ஓட்டுக்கு நல்ல சரிவு வேண்டும். ஈயமோ செங்குத்தான கூரையில் தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே வழிந்துவிடும். ஆகவே ஈயம் வாங்கப் பணம் இருந்த ஊர்களில் கூரை தட்டையானது. கூரை தட்டையானதால் பக்கச்சுவரை உயர்த்திச் சன்னல் வைக்க முடிந்தது.

ஒவ்வொரு குறுக்கு உத்தரத்தின் நடுவிலும் இரண்டு தேவதூதர்கள், ஒருவர் முதுகோடு ஒருவர் முதுகாக, ஒருவர் கிழக்கையும் மற்றவர் மேற்கையும் நோக்கிக் கிடக்கிறார்கள். சிறகுகள் உத்தரத்தின் இரு புறமும் விரிந்திருக்கின்றன. கையில் கேடயம். சுருண்ட முடி. முகம் இளைஞனுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல முடியாது. கைமரங்களில் வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பிலும் பச்சையிலும் பூக்களும், இயேசுவின் பெயரைக் குறிக்கும் எழுத்துக் கூட்டும் மாறிமாறி அச்சுப்பலகை வைத்து வரையப்பட்டிருக்கின்றன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் மறுபடி வண்ணம் தீட்டாததால் அந்தச் சிவப்பு செங்காவியாகவும் பச்சை பாசி நிறமாகவும் மங்கிப்போயின. புதிதாக இருந்தபோது அது நம் திருவிழாத் தேரைப்போலப் பளிச்சென்று இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இடைக்காலக் கோயில் என்றால் சாம்பல் நிறமும் அமைதியும் என்று நினைப்பது பின்னால் வந்தவர்களின் ரசனை.

இந்தச் செல்வம் எல்லாம் ஒரு நூற்றாண்டுகூடப் பத்திரமாக இருக்கவில்லை. எட்டாம் ஹென்றி 1534இல் ரோமாபுரியிலிருந்து பிரிந்தான். சிறு மடங்களைக் கலைத்தபோது 1537இல் பிளைத்பரோ மடமும் போயிற்று. அவன் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் இறந்தவர்களுக்கான மன்றாட்டுப் பீடங்கள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன, சுவரோவியங்கள் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்தன. உத்தரிக்கிற ஸ்தலம் இல்லை என்று அரசே சொல்லிவிட்ட பிறகு, கோயிலுக்கு உயில் எழுதி வைப்பதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை. இடித்ததைவிட இதுதான் பெரிய அடி என்பது என் கருத்து. சிலையை உடைத்தால் ஒரு சிலைதான் போகும். வருமானத்தின் ஊற்று வற்றினால் கூரையே போகும்.

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது பெரும் இடிமழை பிடித்தது. கோபுரத்தின்மேல் இருந்த கூர்முடி முறிந்து கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. மக்களில் சிலர் இறந்தனர். அதே காலையில், சில மைல் தொலைவில் உள்ள பங்கே என்ற ஊரிலும் இடி விழுந்து மணிக்கூண்டில் இருந்த இருவர் மாண்டார்கள். இலண்டனில் இருந்த ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் இதைக் கேள்விப்பட்டு ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார். அதில்தான் இரண்டு கோயில்களுக்குள்ளும் சாத்தான் ஒரு கறுப்பு நாயின் உருவில் பாய்ந்தான் என்ற செய்தி வருகிறது. பங்கே ஊர்க் கோயிலின் பதிவேட்டில் இறந்தவர்களின் பெயர் இருக்கிறது, புயல் இருக்கிறது, நாய் இல்லை. பிளைத்பரோவின் வடக்குக் கதவில் உள்ள கருகல் தழும்புகளைச் சாத்தானின் நகக்குறி என்று இன்றும் காட்டுவார்கள். அருகில் போய்ப் பார்த்தால் அவை கீறல்களாக இல்லாமல், கீழே அகன்று மேலே குறுகிய கண்ணீர்த்துளி வடிவில் இருப்பது தெரியும். எரியும் திரியை மரத்தோடு ஒட்டிப் பிடித்தால் இப்படித்தான் கருகும். இதே வடிவத் தழும்புகள் இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் கொட்டகைகளிலும் ஏராளமாக உள்ளன. தீயிலிருந்தும் மின்னலிலிருந்தும் காக்கவேண்டி வேண்டுமென்றே வைத்த சூடு அவை என்று பலர் கருதுகிறார்கள். திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கும் நமக்கு அந்த மனநிலை புரியாததன்று. அப்படியானால் சாத்தான் வந்த சுவடு என்று காட்டப்படுவது, சாத்தான் வராமலிருக்க யாரோ வைத்த காப்பாக இருக்கக்கூடும்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 1642இல் அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. 1643 ஆகஸ்டில் நாடாளுமன்றம் மூடபக்திச் சின்னங்களை அகற்றும் கட்டளையைப் பிறப்பித்தது. அதை நிறைவேற்ற, மான்செஸ்டர் பிரபு அந்த ஆண்டு டிசம்பரில் வில்லியம் டௌசிங் என்பவருக்கு ஆணை கொடுத்தார். இந்த டௌசிங் சிப்பாய்க் கூட்டத்தை அழைத்துக்கொண்டு திரிந்த வெறியர் அல்லர். சஃபோக்கின் லாக்ஸ்ஃபீல்டு ஊரைச் சேர்ந்த, ஓரளவு வசதியான, நிறையப் படித்த குடியானவர். கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் இருநூறுக்கு மேற்பட்ட கோயில்களுக்குப் போய், எதை உடைத்தேன், எதை உடைக்கச் சொன்னேன் என்று ஒரு நாட்குறிப்பை எழுதிவைத்தார். நாசவேலைக்கு இவ்வளவு ஒழுங்கான கணக்கு வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே. வந்து போன செலவுக்கென்று 6 ஷில்லிங் 8 பென்ஸை அந்தந்தக் கோயிலிடமிருந்தே வசூலிப்பது அவருடைய வழக்கம்.

1644 ஏப்ரலில் அவர் பிளைத்பரோவுக்கு வந்தார். நாட்குறிப்பின்படி, இருபது மூடபக்திப் படங்களையும், இரண்டு சிலுவைகளையும், கோயிலின் இரு பகுதிகளிலுமாக இருபது கேருபீன்களையும் அகற்ற வேண்டும். மேலும் இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளில் எடுத்துவிட வேண்டும். படங்கள் என்று அவர் சொல்வது பெரும்பாலும் சன்னல்களின் வண்ணக்கண்ணாடிகள். அவை போய்விட்டன, மேற்புறத்துச் சிறு கட்டங்களில் சில துண்டுகள் மட்டும் இருக்கின்றன. ஞானஸ்நானத் தொட்டியின் பக்கங்களில் இருந்த சிற்பங்களும் செதுக்கி வழிக்கப்பட்டுவிட்டன. கேருபீன்களோ, அதாவது நம் தேவதூதர்களோ, அங்கேயே இருக்கிறார்கள். காரணம் எளிது. டௌசிங் ஆணையிடுவார், செய்யவேண்டியது ஊரார். கண்ணாடியை ஒரு கழியால் தட்டிவிடலாம். ஆனால் அவ்வளவு உயரத்தில், கட்டடத்தின் எடையைத் தாங்கும் உத்தரத்தோடு பிணைந்த உருவங்களை எடுக்கச் சாரம் கட்ட வேண்டும், தச்சருக்குக் கூலி கொடுக்க வேண்டும், உத்தரம் பலவீனப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான காசு ஊராரிடம் இல்லை, மனமும் இருந்திருக்காது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: 1643ஆம் ஆண்டுக் கட்டளை புனிதர்களையும் சிலுவைகளையும் குறித்ததே தவிர, தேவதூதர்களைப் பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. அந்தச் சொல் 1644 மே மாதத்துக் கட்டளையில்தான் சேர்ந்தது. டௌசிங் சட்டத்தைவிட ஒரு மாதம் முந்திக்கொண்டார்.

சுட்டார்கள் என்ற கதை இவருடைய வருகையோடு பின்னாளில் ஒட்டவைக்கப்பட்டது. தூண்களில் இருக்கும் இரும்பு வளையங்களில் சிப்பாய்கள் குதிரை கட்டினார்கள் என்பதும் அதன் கிளைக்கதை. கிராம்வெல்லுக்கும் டௌசிங்கின் இந்த வேலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சஃபோக் தொடக்கத்திலிருந்தே நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றது. தாம் செய்த ஒவ்வொரு சிறு உடைப்பையும் எழுதிவைத்தவர், கோயிலுக்குள் துப்பாக்கி வேட்டு நடத்தியிருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பாரா? முடிவான சான்று 1970களில் கிடைத்தது. கூரையைப் பழுதுபார்க்க தேவதூதர்களைக் கீழே இறக்கியபோது, மரத்துக்குள் புதைந்திருந்தவை சிறு ஈயச் சன்னங்கள் (துப்பாக்கி ரவைகள்) என்றும், அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும் தெரியவந்தது. அதே காலத்துக் கோயில் கணக்கில், 1761இல், ஜாக்டா பறவைகளைச் சுடுவதற்காகப் பணம் கொடுத்த செலவு எழுதப்பட்டிருக்கிறது. ஜாக்டா என்பது காக்கை இனத்தில் சிறியது. சாம்பல் கழுத்து, பொந்து கண்ட இடமெல்லாம் சுள்ளியை அடைத்துக் கூடு கட்டும் குணம். உடைந்த சன்னல் வழியே உள்ளே புகுந்து உத்தரங்களின்மேல் அவை குடியேறியிருந்தன. ஆகவே தேவதூதர்களைச் சுட்டவர்கள் கோயிலின் நிர்வாகிகளே, காக்கை விரட்டுவதற்காக, கோயில் பணத்தில்.

மரவேலைப்பாடு கூரையோடு நின்றுவிடவில்லை. நடுக்கூடத்து இருக்கைகளின் முனைகளில் ஒரு முழ உயரத்துக்குச் செதுக்கிய உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. சோம்பல் படுக்கையிலேயே கிடக்கிறது. பேராசை தன் பணப்பெட்டியின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெருந்தீனி தன் தொந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது; புறங்கூறல் நாக்கை நீட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது பாசாங்கு: கைகூப்பி முழந்தாளில் நிற்கும் அந்த ஆள், செபம் சொல்லும் வேளையில் கண்ணை அகலத் திறந்து பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த உருவங்களுக்கு இடையில் விதைப்பவனும் அறுப்பவனும் வருகிறார்கள். பாவத்தையும் பருவத்தையும் ஒரே தச்சன் ஒரே உளியால் செதுக்கியிருக்கிறான்.

பலிபீடத்தை ஒட்டிய நீள இருக்கைகளில் வேறொரு வரலாறு இருக்கிறது. அப்போஸ்தலர்களின் உருவங்களை முகப்பில் கொண்ட அந்தப் பலகைகளை 17ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூட மேசைகளாகப் பயன்படுத்தினார்கள். மைக்கூடு வைக்கும் குழிகளைக்கூடத் துளைத்தார்கள். ஹாப்டன் குடும்பம் இறந்தவர்களுக்காகப் பூசை செய்வித்த அதே சிற்றாலயத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். டிர்க் என்ற டச்சுப் பெயர் கொண்ட மாணவன் ஒருவன் 1665 என்ற ஆண்டோடு தன் பெயரை அதில் கத்தியால் கீறியிருக்கிறான்.

அதற்குள் ஊர் நொடித்துவிட்டது. கழிமுகம் தூர்ந்துகொண்டே வந்தது, கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. இரண்டும் சேர்ந்து துறையை மூடின. 1676இல் தீப்பிடித்து ஊரின் வீடுகள் பல எரிந்தன. இதே நிலைமைக்கு வந்த பக்கத்து ஊர்கள் என்ன செய்தன என்பதைப் பார்த்தால்தான் பிளைத்பரோவின் தனித்தன்மை புரியும். கோவ்ஹைத் ஊரார் 1672இல் அனுமதி பெற்று, தங்கள் மாபெரும் கோயிலின் கூரையை எடுத்துவிட்டு, அந்தச் சுவர்களுக்கு உள்ளேயே ஓலைக்கூரை போல் வேய்ந்த சிறு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். ஹெர்ரிங் பீப்பாய்க்குக் கோபுரம் எழுப்பிய வால்பர்ஸ்விக் ஊராரும் 1690களில் ஈயத்தையும் மரத்தையும் விற்று, ஒரு பக்கக்கூடத்தோடு தங்கள் கோயிலைச் சுருக்கிக்கொண்டார்கள். பிளைத்பரோ மட்டும் சுருக்கவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை. சன்னல் உடைந்தால் செங்கல் வைத்து அடைத்தார்கள். கூரை ஒழுகினால் வேறு இடத்தில் உட்கார்ந்தார்கள்.

1881 வாக்கில் மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு ஆராதனை நடத்தும் நிலை வந்து, கட்டடம் ஆபத்தானது என்று பேராயர் அதை மூடிவிட்டார். அது விக்டோரியா காலம். பழைய கோயில்களைப் புதுப்பிக்கிறேன் என்று சுவரைச் சுரண்டி, தளத்துக்குப் பளபளக்கும் ஓடு பதித்து, இடைக்காலத்தைவிட இடைக்காலமாக ஆக்கிவிடும் காலம். எழுத்தாளரும் வடிவமைப்புக் கலைஞருமான வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போக்கை எதிர்ப்பதற்கென்றே பிறந்தது. பிளைத்பரோ அதன் தொடக்ககாலப் போராட்டங்களில் ஒன்றாயிற்று. ஒழுகலை நிறுத்துங்கள், சுவரைத் தாங்குங்கள், அதற்குமேல் கை வைக்காதீர்கள் என்பது சங்கத்தின் வாதம். கோயில் 1884இல் மறுபடி திறக்கப்பட்ட பிறகும் கடிதச் சண்டை பல ஆண்டுகள் ஓய்வில்லாமல் நடந்தது. சங்கத்தின் கொள்கை வென்றது என்று சொல்வார்கள். பணம் திரளாததால் பெரிய புதுப்பிப்புக்கு வழியில்லாமல் போனதும் அதே அளவுக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்று நாம் காணும் வெறிச்சோடிய செங்கல் தளமும், வெள்ளைச் சுவரும், மங்கிய கூரையும் அப்படி எஞ்சியவை.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு செய்திகள் மட்டும். 1944 ஆகஸ்ட் 12 அன்று வெடிமருந்து நிரப்பிய அமெரிக்க விமானம் ஒன்று இவ்வூருக்கு மேலே வெடித்துச் சிதறியது; இறந்த இருவரில் ஒருவர் பிற்கால அமெரிக்க அதிபர் கென்னடியின் அண்ணன். 1969 ஜூனில் ஸ்னேப் ஊர்க் கச்சேரி அரங்கு தீக்கிரையானபோது, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நடத்திவந்த இசைவிழா இந்தக் கோயிலுக்கு இடம்பெயர்ந்தது. மோட்ஸார்ட்டின் இசைநாடகம் ஒன்று இந்தத் தேவதூதர்களின் கீழே அரங்கேறியது.

நீங்கள் நேரில் போவதாக இருந்தால் ஞாயிறு ஆராதனைக்குச் சற்று முன்னதாகப் போய் உட்காருங்கள். கவசம் அணிந்த மரப்பொம்மை ஒன்று கையில் கோடரியோடு அங்கே நிற்கிறது; 1682ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கடிகாரத்தோடு இணைந்து மணி அடிப்பதற்காகச் செய்யப்பட்டது. கடிகாரம் இப்போது அதனோடு இல்லை. ஆராதனை தொடங்கும்போது கயிற்றை இழுப்பார்கள், பொம்மை தலையைத் திருப்பி மணியைத் தட்டும், எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.